உலோகச் சட்டப் பிரிட்ஜில் பீங்கான் விரிசல்: தடுப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் ஒரு வழிகாட்டி

இழந்த பல்லின் இடத்தை இரு பக்கத்துப் பற்களின் மேல் தாங்கவைத்து நிரப்புவது பல் பிரிட்ஜ். உலோகச் சட்டத்தின் மேல் பீங்கானைச் சுட்டு ஒட்டிச் செய்யப்படும் பிரிட்ஜ் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியது. ஆனால் அதன் பீங்கான் விரிசல் விட்டாலோ சில்லாகப் பெயர்ந்தாலோ, யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் பெரும்பாலோர் திகைத்துப் போகிறார்கள். என் கீழ்த்தாடைப் பிரிட்ஜில் பீங்கான் பெயர்ந்தபோது, உடைந்த இடத்தை அடைப்பதில் காட்டப்பட்ட அவசரம் அது ஏன் உடைந்தது என்று பார்ப்பதில் காட்டப்படவில்லை. ஆகவே அடைத்ததெல்லாம் விழுந்துகொண்டே இருந்தது. வேறொரு மருத்துவர் கடியை முறையாகச் சோதித்துக் காரணத்தைச் சரிசெய்த பிறகே பழுது நிலைத்தது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பீங்கானைத் தொடக்கூடாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளை வரிசையாகப் பின்பற்றுங்கள்.

1. உடைந்த அன்றே செய்ய வேண்டியவை

பெயர்ந்த சில்லு கிடைத்தால் அதைக் கழுவித் துடைத்து, சிறு டப்பாவில் போட்டு வையுங்கள். அதையே திரும்ப ஒட்டுவது அரிதாகத்தான் சாத்தியம் என்றாலும், அதன் உட்புறத்தைப் பார்த்தே மருத்துவர் முக்கியமான ஒன்றை அறிந்துகொள்ள முடியும். உட்புறத்தில் பீங்கான் மட்டும் தெரிந்தால் உடைப்பு பீங்கானுக்குள்ளேயே நடந்திருக்கிறது. உலோகத்தை மறைப்பதற்காகப் பூசப்படும் ஒளி புகாத அடிப்பூச்சும் சேர்ந்து வந்து, வாயிலுள்ள உலோகம் துடைத்து வைத்ததுபோல் வெறுமையாக இருந்தால், உலோகத்துக்கும் பீங்கானுக்கும் இடையிலான பிணைப்பே தோற்றிருக்கிறது. இரண்டாவது வகை பெரும்பாலும் பிரிட்ஜைச் செய்த ஆய்வகத்தில் நேர்ந்த குறை என்பதால், உத்தரவாதம் கோரும்போது அந்தச் சில்லே உங்கள் சான்றாக நிற்கும்.

நல்ல வெளிச்சத்தில், வாயைத் திறந்தபடியும் பற்களைக் கடித்தபடியும் சில படங்கள் எடுத்துத் தேதியோடு சேமியுங்கள். மருத்துவரைப் பார்க்கும் வரை அந்தப் பக்கத்தில் மெல்லாதீர்கள். ஓரம் கூர்மையாக இருந்து நாக்கையோ கன்னத்தையோ கிழித்தால், பல் மருத்துவத்துக்கான மெழுகைச் சிறிதளவு உருட்டி அதன்மேல் அழுத்தி வைக்கலாம். வீட்டிலுள்ள உடனடிப் பசையைக் கொண்டு சில்லை ஒட்டிப் பார்க்கவே கூடாது. அது வாய்க்கு உகந்ததல்ல; அதோடு, பின்னால் செய்யவேண்டிய முறையான ஒட்டு பிடிக்க வேண்டிய மேற்பரப்பையும் கெடுத்துவிடும்.

வலியில்லாத சிறு சில்லு என்றால் சில நாட்களுக்குள் பார்த்தால் போதும். வலி, வீக்கம், கடிக்கும்போது பிரிட்ஜ் ஆடுதல், அதன் அடியிலிருந்து கெட்ட சுவையோ நாற்றமோ வருதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஒரு முனையில் சிமென்ட் கரைந்து, அந்தப் பக்கத்துத் தாங்கு பல்லில் (பிரிட்ஜைத் தாங்கி நிற்கும் பல்லில்) சொத்தை ஓடத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் பீங்கான் விரிசல் இரண்டாம் பட்சமாகிவிடுகிறது.

2. உடைப்பு எவ்வளவு ஆழம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேற்பரப்பில் மயிரிழைபோல் ஒரு கோடு மட்டும் தெரிந்து, நகத்தால் வருடினால் தட்டுப்படாமல் இருந்தால், பெரும்பாலும் அதைப் படம் எடுத்து வைத்துக் கண்காணிப்பதே போதுமானது. பீங்கானில் மட்டும் சில்லு பெயர்ந்து உலோகம் தெரியாமல் இருப்பது அடுத்த நிலை. உலோகம் கொஞ்சம் தெரிவது அதற்கும் அடுத்தது; ஒரு பல்லின் முகப்பு முழுவதும் பெயர்ந்து சாம்பல் நிற உலோகம் வெளியே நிற்பது கடைசி நிலை. ஒட்டுவதற்கான பொருட்கள் ஒவ்வொரு நிலைக்கும் மாறுகின்றன; ஒட்டு எத்தனை காலம் நிற்கும் என்பதும் மாறுகிறது. ஆகவே மருத்துவர் பரிசோதித்து முடித்ததும் "உலோகம் தெரிகிறதா, எவ்வளவு பரப்பில்?" என்று நேரடியாகக் கேட்டு, விடையைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தக் கட்டத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். விலை குறைந்த சட்டங்கள் பலவும் நிக்கல்-குரோமியம் கலவையில் வார்க்கப்படுபவை; பீங்கான் பெயர்ந்தால் அந்த உலோகம் வாயின் ஈரத்தோடு நேரடியாகத் தொடர்பு கொள்ளும்.

3. காகிதங்களைத் திரட்டுங்கள்

பழுது பார்ப்பவர், பிரிட்ஜ் போட்டவரிலிருந்து வேறொருவராக இருக்கக்கூடும். அவர் இருட்டில் துழாவாமல் இருக்க, இவற்றையெல்லாம் முதல் சந்திப்புக்கு முன்பே திரட்டி வையுங்கள்:

- பிரிட்ஜ் ஒட்டிய தேதியும், எத்தனை பற்களுக்குரியது என்பதும் உள்ள ரசீது.
- ஆய்வகம் தந்த அட்டை அல்லது கலவையின் பெயர் எழுதிய சீட்டு. நிக்கல்-குரோமியமா, கோபால்ட்-குரோமியமா, தங்கம், பல்லேடியம் போன்ற உயர் உலோகக் கலவையா என்பது இதிலிருந்து தெரிய வேண்டும். எந்தப் பூச்சு மருந்தைப் பயன்படுத்துவது என்பது இதைப் பொறுத்தது.
- நிற எண். அது இல்லாவிட்டால் ஒட்டுப் பொருளின் நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டே தேர்ந்தெடுப்பார்கள். நடைமுறையில் அதுவும் போதும்.
- பிரிட்ஜ் போடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே படங்கள். தாங்கு பற்களுக்கு வேர் சிகிச்சை நடந்திருந்தால் அதன் குறிப்பு.
- எந்தச் சிமென்டால் ஒட்டப்பட்டது என்ற விவரம்.
- உத்தரவாதப் பத்திரம்.

இந்தப் பட்டியலில் பாதி உங்கள் கையில் இருக்காது. பிரிட்ஜ் போட்ட இடத்தில் உங்கள் சிகிச்சைக் கோப்பின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் "தேடிப் பார்க்கிறோம்" என்ற பதிலோடு நாட்கள் ஓடிவிடும். தேதியிட்ட சிறு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பினால் காரியம் நகரும்.

உத்தரவாதப் பத்திரத்தை மேலோட்டமாகப் படிக்காதீர்கள். இரவில் பல் கடிப்பவருக்கு நைட் கார்டு (தூங்கும்போது பற்களின் மேல் மாட்டும் காப்புறை) பரிந்துரைக்கப்பட்டு அவர் அணியாவிட்டாலும், வேறொருவர் பிரிட்ஜில் கை வைத்தாலும், ஆண்டுப் பரிசோதனைக்கு வராமல் இருந்தாலும் உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனைகள் அதில் இருக்கலாம். ஆகவே உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால், வேறிடத்தில் மெருகு போடுவதற்குக்கூட ஒப்புக்கொள்ளும் முன் பழைய இடத்தில் முதலில் காட்டுங்கள்.

4. ஏன் உடைந்தது என்று கண்டறியச் செய்யுங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள்; பணமும் நேரமும் வீணாவதும் இங்கேதான். பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அதனால்தான் உலோகத்தைவிடச் சற்றே குறைவாக விரிந்து சுருங்கும் பீங்கானைத் தேர்ந்தெடுத்துச் சுடுகிறார்கள். ஆறும்போது உலோகம் கூடுதலாகச் சுருங்கி, பீங்கானை எப்போதும் லேசான அழுத்தத்தில் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பிடியையும் மீறி ஓரிடத்தில் இழுவிசை உண்டாகும்போதுதான் விரிசல் தோன்றுகிறது. அந்த இழுவிசை எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

முதலில் பார்க்க வேண்டியது கடி. வண்ணத் தாளைப் பற்களுக்கிடையே வைத்துக் கடிக்கச் சொல்லி, பிறகு தாடையை இருபுறமும் முன்னும் நகர்த்தச் சொல்லும்போது, பிரிட்ஜில் எங்கே புள்ளி விழுகிறது என்று கண்ணாடியில் உங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள். என் பிரிட்ஜில் நேராகக் கடிக்கும்போது எல்லாப் பற்களிலும் ஒரே அளவில் நீலப் புள்ளிகள் விழுந்தன. தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தியபோது மட்டும், உடைந்த விளிம்பின் மேலேயே அடர்த்தியான நீலக் கோடு ஒன்று இழுபட்டது. முன்பு நேர்க்கடியை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தக் கோடு தென்பட வாய்ப்பே இல்லை. மேலும், எதிர்ப்பல் உலோகமும் பீங்கானும் சந்திக்கும் கோட்டின் மேல் மோதக்கூடாது. அதிலிருந்து குறைந்தது 1.5 மி.மீ. தள்ளித் தொடும்படி பிரிட்ஜ் அமைந்திருக்க வேண்டும்.

அடுத்தது சட்டத்தின் வளைவு. ஒரு சட்டம் எவ்வளவு வளையும் என்பது அதன் நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். அதாவது மற்றவை மாறாமல் இருந்தால், இழந்த பல் ஒன்றுக்குப் பதில் இரண்டாகும்போது வளைவு 8 மடங்கு, மூன்றாகும்போது 27 மடங்கு. உலோகம் இந்த வளைவைப் பொறுத்துக்கொள்ளும், பீங்கான் பொறுக்காது. நீண்ட பிரிட்ஜில், பற்களை இணைக்கும் கழுத்துப் பகுதிக்கு அருகே விரிசல் விழுந்திருந்தால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். காரணம் இதுவானால் ஒட்டுப் போட்டுப் பயனில்லை. சட்டமே மாற வேண்டும்.

மூன்றாவது, தாங்கலில்லாத பீங்கான். சட்டத்தைப் பல்லின் இறுதி வடிவத்துக்கு ஏற்ப வார்க்காமல் மெல்லிய தொப்பிபோல் வார்த்துவிட்டு, மீதி உயரம் முழுவதையும் பீங்கானால் நிரப்பியிருந்தால், பீங்கானின் தடிமன் 2 மி.மீ.க்கு மேல் போய்விடும். அந்த இடம் பலவீனமானது. உடைந்த குழியின் ஆழத்தை அளந்தாலே இது தெரிந்துவிடும்.

நான்காவது, இரவில் பல் கடிக்கும் பழக்கம். காலையில் தாடை இறுக்கமாக இருப்பது, மற்றப் பற்களின் முனைகள் தட்டையாகத் தேய்ந்திருப்பது ஆகியவை அடையாளங்கள். தூங்கும்போது நடப்பதால் நமக்கே தெரியாது. உடன் உறங்குபவரைக் கேளுங்கள்.

எக்ஸ்ரே எடுப்பார்கள், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் உலோகம் கதிரைத் தடுப்பதால் தாங்கு பல்லை மூடியிருக்கும் கேப்புக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது படத்தில் தெரியாது. விளிம்புக்கு அருகிலுள்ள சொத்தை, வேர் முனை, எலும்பின் உயரம் ஆகியவற்றையே அதில் பார்க்க முடியும். ஆகவே "எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது" என்று சொன்னதும் நிறுத்திவிடாமல், இரு முனைகளிலும் பிரிட்ஜ் பிடிப்போடு இருக்கிறதா என்று அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. எந்த வழி, என்ன செலவு

மிகச் சிறிய சில்லுக்கு ஓரத்தைத் தேய்த்து மெருகேற்றினால் போதும். ஒரே அமர்வில் முடியும். செலவும் மிகக் குறைவு. மெருகேற்றாமல் தேய்த்து மட்டும் விட்டுவிட்டால், சொரசொரப்பான பீங்கான் எதிர்ப்பல்லின் எனாமலை அரித்துவிடும். புதிய விரிசலும் அங்கிருந்தே கிளம்பும்.

நடுத்தர உடைப்புக்கு வாயிலேயே காம்போசிட் (பல் நிறப் பிசின்) ஒட்டுப் போடலாம். ஒரு அமர்வு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். இது பீங்கானுக்கு நிகரான பொருளல்ல என்பதால் நிறம் மங்கும், தேயும், சில ஆண்டுகளில் மீண்டும் செய்ய நேரலாம். சட்டமும் தாங்கு பற்களும் நல்ல நிலையில் இருந்தால் என் தேர்வு இதுதான். ஏனென்றால் இதில் பல்லுக்கு எந்தச் சேதமும் இல்லை. தோற்றாலும் மற்ற வழிகள் அடைபடுவதில்லை.

முகப்பு முழுவதும் பெயர்ந்திருந்தால், மீதமுள்ள பீங்கானைச் சீராக்கி அளவெடுத்து, ஆய்வகத்தில் ஒரு மேலுறை செய்து உலோகத்தின் மேல் ஒட்டலாம். இரண்டு அமர்வுகள் தேவைப்படும். திறமையான கை வேண்டும்; எல்லோரும் செய்வதில்லை.

கடைசி வழி, பழையதை அறுத்து எடுத்துப் புதிதாகப் போடுவது. இதற்கான மதிப்பீட்டில்தான் ஏமாற்றம் அதிகம். பிரிட்ஜின் விலை பொதுவாகப் பல் எண்ணிக்கைப்படி கணக்கிடப்படும். ஒரு பல்லில்தான் உடைப்பு என்றாலும், மூன்று பல் பிரிட்ஜ் என்றால் மூன்றுக்கும் கட்ட வேண்டும். அதோடு பழையதை அறுத்து எடுக்கும் கூலி, தற்காலிகப் பிரிட்ஜ், எக்ஸ்ரே, தாங்கு பல்லில் சொத்தை இருந்தால் அதைக் கட்டியெழுப்பும் செலவு, தேவைப்பட்டால் வேர் சிகிச்சை ஆகியவை தனித்தனியாகச் சேரும். மொத்தத் தொகையை மட்டும் எழுதிய சீட்டை ஏற்காமல், ஒவ்வொன்றுக்கும் தனி வரி உள்ள மதிப்பீட்டைக் கேளுங்கள். ஒட்டுப் போட்டு அது சில மாதங்களில் விழுந்தால் அந்தத் தொகை புதிய பிரிட்ஜில் கழிக்கப்படுமா என்பதையும் அதே சீட்டில் எழுதி வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. "கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்பி, மறுபடி பீங்கான் சுட்டு ஒட்டிவிடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். நிரந்தரச் சிமென்டால் ஒட்டிய பிரிட்ஜைச் சேதமின்றிக் கழற்றுவது அரிது; தட்டிக் கழற்றும்போது தாங்கு பல்லே முறியலாம். அப்படியே முழுதாக வந்தாலும், ஆண்டுக்கணக்கில் வாயில் இருந்த பீங்கான் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கும்போது அது கொப்பளிக்கவோ புதிதாக வெடிக்கவோ கூடும். தற்காலிகச் சிமென்டில் இருக்கும் புதிய பிரிட்ஜுக்கு மட்டுமே இது நியாயமான யோசனை.

6. ஒட்டுப் போடும் அமர்வில் கவனிக்க வேண்டியவை

ஒட்டு நிலைப்பது காம்போசிட்டைவிட அதற்கு முந்தைய தயாரிப்பையே அதிகம் சார்ந்திருக்கிறது. வேலை தொடங்கும் முன் நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; பல் காய்ந்தபின் வெளிறித் தெரியும் என்பதால் பிறகு பார்த்தால் தவறிவிடும். அடுத்து ரப்பர் டேம் என்னும் ரப்பர் விரிப்பு. பிரிட்ஜில் பற்கள் ஒட்டியிருப்பதால் இதை மாட்டுவது சிரமம்தான். ஆனாலும் இதைத் தவிர்க்க விடாதீர்கள். எச்சிலின் ஈரம் பட்டால் ஒட்டு பிடிக்காது. அதைவிட முக்கியம், பீங்கானைச் சொரசொரப்பாக்கப் பயன்படும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஈறிலோ தோலிலோ பட்டால் கடுமையாகப் புண்ணாக்கும்.

பிறகு, உடைந்த ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்து, உலோகத்தையும் பீங்கானையும் 50 மைக்ரான் அலுமினிய ஆக்சைடு துகள்களாலோ, சிலிக்கா பூசிய 30 மைக்ரான் துகள்களாலோ காற்றழுத்தத்தில் அடிப்பார்கள். அமிலம் இட்ட பீங்கான், கழுவி உலர்த்தியதும் பளபளப்பை இழந்து பனி படர்ந்த கண்ணாடிபோல் வெளுத்து நிற்கும். அந்த வெண்மை சீராகத் தெரியாத இடத்தில் ஒட்டு பிடிக்காது. சிலிக்கா பூசிய துகள்களைப் பயன்படுத்தினால் அமிலம் இல்லாமலேயே வேலை முடியும். ஈறுக்கு அருகிலுள்ள உடைப்புக்கு அது பாதுகாப்பானது.

அதன்பின் பீங்கானுக்குச் சிலேன் என்ற இணைப்பு மருந்தையும், உலோகத்துக்கு அதற்கென்றே உள்ள பூச்சையும் இடுவார்கள். இரண்டும் ஒன்றல்ல. சிலேன் வெறும் உலோகத்தில் பிடிக்காது. நிக்கல்-குரோமியம், கோபால்ட்-குரோமியம் கலவைகளுக்கு எம்டிபி போன்ற பாஸ்பேட் வகைப் பூச்சு வேண்டும்; உயர் உலோகக் கலவைக்கு அதற்கேற்ற வேறு பூச்சு. உங்கள் உடைப்பில் உலோகம் தெரிந்தால், "உலோகத்துக்குத் தனிப் பூச்சு இடுகிறீர்களா?" என்று வேலைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். உலோகத்தின் சாம்பல் நிறம் மேலே தெரியாமல் இருக்க ஒளி புகாத அடிப்பூச்சு ஒன்றை மெல்லிதாக இட்டு ஒளியால் இறுக்கி, அதன்மேல் காம்போசிட்டை 2 மி.மீ.க்கு மிகாத அடுக்குகளாக வைப்பார்கள். இறுதியில் வண்ணத் தாளைக் கொண்டு நேர்க்கடி, பக்கவாட்டு அசைவு, முன்னசைவு மூன்றையும் சோதித்து, ஒட்டின் மேல் பலமான புள்ளி எதுவும் விழாதவரை சரிசெய்து மெருகேற்ற வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் உங்கள் கடி உங்களுக்கே சரியாகத் தெரியாது. இந்தப் பழுதுக்குப் பெரும்பாலும் ஊசி தேவைப்படாது. போட்டிருந்தால், மரமரப்பு நீங்கிய பின் ஓரிரு நாட்களில் மீண்டும் கடியைச் சோதிக்க நேரம் வாங்குங்கள்.

7. புதிய பிரிட்ஜ் போடுவதென்றால், ஆர்டர் போகும் முன்

பழைய விரிசல் திரும்ப வராமல் தடுக்கும் வாய்ப்பு பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. ஆய்வகத்துக்குப் போகும் சீட்டில் உலோகக் கலவையின் பெயர், பீங்கான் முழுவதும் சுற்றி வர வேண்டுமா அல்லது மெல்லும் பரப்பு உலோகமாகவே இருக்கலாமா, எதிர்ப்பல் எங்கே தொடும் என்பவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பின்பக்கத்தில், சிரிக்கும்போது தெரியாத பல்லுக்கு, உயரம் குறைவாக இருந்தால் உலோக மெல்லும் பரப்பே நல்லது. அழகுக்காகப் பீங்கானை வற்புறுத்தினால் உடைப்பையும் சேர்த்து வற்புறுத்துகிறோம்.

சட்டத்தை மட்டும் வாயில் பொருத்திப் பார்க்கும் அமர்வு இருக்க வேண்டும். அப்போது அது ஆடாமல் உட்கார வேண்டும். மெல்லும் பரப்பில் பீங்கானுக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 மி.மீ. இடம் சீராக இருக்க வேண்டும். பிறகு, மெருகுச் சூட்டுக்கு (பீங்கானைப் பளபளப்பாக்கும் கடைசிச் சூட்டுக்கு) முன் பீங்கானோடு ஒருமுறை பொருத்திப் பார்த்து, கடியை அப்போதே திருத்திக்கொள்ள வேண்டும். அளவெடுப்பதிலிருந்து ஒட்டுவது வரை பொதுவாக இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். பயணமோ விசேஷமோ நெருங்குகிறது என்று இந்த இரு அமர்வுகளில் ஒன்றைக் குறைக்கச் சொல்லாதீர்கள். இழந்த பற்கள் பலவாக இருந்தாலோ, இரவில் பல் கடிக்கும் பழக்கம் கடுமையாக இருந்தாலோ, மேலே பீங்கான் பூசாமல் முழுவதும் சிர்கோனியா என்ற உறுதியான வெண்ணிறப் பொருளில் செய்வது, இடையில் ஒரு இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்து நீளத்தைக் குறைப்பது ஆகியவற்றையும் மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லி ஒப்பிடுங்கள்.

8. ஒட்டிய பிறகு

ஐஸ் கட்டி, ஓடுள்ள கொட்டைகள், எலும்பு ஆகியவற்றை அந்தப் பக்கத்தில் கடிக்காதீர்கள். மூடியைத் திறக்கவும் நூலை அறுக்கவும் பற்களைப் பயன்படுத்தாதீர்கள். பல் கடிக்கும் பழக்கம் உறுதியானால், அளவெடுத்துச் செய்த கெட்டியான நைட் கார்டைப் பழுது முடிந்த பிறகே செய்யச் சொல்லுங்கள். முன்பே செய்தால் மாறிய வடிவத்துக்கு அது பொருந்தாது.

பல் சுத்தம் செய்யப் போகும்போது, பீங்கான் பிரிட்ஜ் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். அதிர்வுக் கருவியின் முனை பீங்கான் விளிம்பில் பட்டால் சில்லு தெறிக்கும். ஃபுளோரைடு வைப்பதானால் அமிலத்தன்மை உள்ள ஏபிஎஃப் ஜெல் வேண்டாம், நடுநிலையான சோடியம் ஃபுளோரைடு வேண்டும் என்று கேளுங்கள். முன்னது பீங்கானின் மெருகையும் காம்போசிட்டின் மேற்பரப்பையும் அரிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனையில் வண்ணத் தாளால் கடியையும் பார்க்கச் சொல்லி, அன்றைய தேதியையும் கண்டதையும் உங்கள் கோப்பில் எழுதி வாங்குங்கள். புதிய பிரிட்ஜின் உத்தரவாதத்துக்கும் அந்தப் பதிவுதான் ஆதாரம்.